கொழும்பில் மூன்று நாள்: துறைமுகப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பெப்ரவரியில் சென்னையிலிருந்து அம்மா, அப்பாவோடு வருகிறீர்கள். கொழும்பில் மூன்று நாள் நிற்கலாமா, ஒரு நாளோடு கண்டிக்குப் போய்விடலாமா, தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாளும் நில்லுங்கள். ஒரு நாள் போதும் என்று சொல்பவர்களில் அனேகமானோர் காலிமுகத்திடல், கங்காராமய விகாரை, ஒரு பெரிய மோல் என்று வாகனத்திலிருந்து இறங்கி ஏறிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். அதற்கு ஒரு நாள் தாராளம்தான். ஆனால் ஊரின் வடபாதி அப்படியே விடுபட்டுப்போகும். துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, புறக்கோட்டை இவைதான் கொழும்பைக் கொழும்பாக்கிய இடங்கள். தமிழர்களுக்கு அங்கே பார்க்கவும் கேட்கவும் சாப்பிடவும் நிறைய இருக்கிறது. முதல் நாள் காலையை அங்கே கொடுங்கள், தெற்கே பிறகு வரலாம்.

இன்றைய துறைமுகம் அலைதாங்கியால், அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய அணையால், வந்தது. அது வரும் வரை பெரிய கப்பல்கள் காலியில்தான் தரித்தன; கொழும்பில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் நிற்கப் பாதுகாப்பு இல்லை. 1875இல் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்து 1885இல் முடித்தார்கள். அதோடு காலியின் கப்பல்களெல்லாம் இங்கே திரும்பின. கப்பலோடு வந்தது வியாபாரம். வியாபாரத்தோடு வந்தார்கள் நாட்டுக்கோட்டைச் செட்டிமார், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள், போரா, மேமன், சிந்திக் கடைக்காரர்கள், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள், யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று கட்டிய வழிபாட்டிடங்கள் இரண்டு, மூன்று கிலோமீற்றருக்குள் இன்றும் நிற்கின்றன. முதல் நாள் நடக்கப்போகும் பாதை அதுதான்.

வழியை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன விஷயம். கொழும்பு மாநகரில் 15 தபால் வலயங்கள். முகவரிகளில் இலக்கத்தைப் பார்த்தாலே இடம் பிடிபடும்: 1 கோட்டை, 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை. கோட்டையிலிருந்து தெற்கே கடலோடு ஒட்டி ரயில் பாதை போகிறது. அதற்கு இணையாக உள்ளே காலி வீதி. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் தொலைந்துபோக மாட்டீர்கள். பலர் தடுமாறும் இடம் ஒன்று: கோட்டை ரயில் நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது நிற்பது புறக்கோட்டையில். கோட்டைக்குள் இருக்கும் ஹோட்டலுக்கு அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம், ஓட்டோ பிடியுங்கள். இன்னொன்று, வீதிப் பெயர்கள். பலகையில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்றிருக்கும், சனம் டுப்ளிகேஷன் ரோட் என்பார்கள். பௌத்தாலோக மாவத்தை இன்னும் பலருக்குப் புல்லர்ஸ் ரோட்தான். இரண்டு பெயரையும் குறித்து வைத்திருங்கள்.

தங்குவதற்கு வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி என்பேன். வயதானவர்களுக்குச் சைவச் சாப்பாடு காலடியில் கிடைக்கும், மருந்துக்கடை, கோவில், பழக்கடை எல்லாம் நடை தூரம், கடைக்காரர் தமிழில் கதைப்பார். கோட்டையில் உள்ள ஹோட்டல்கள் அழகானவை, ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் அலுவலகங்கள் பூட்டி வெறிச்சோடிவிடும். வெள்ளவத்தையில் கடற்கரை வீதிப் பக்கம் அறை எடுத்தால் ரயில் சத்தம் அதிகாலையிலேயே தொடங்கும். தூக்கம் மெல்லியவர்கள் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் பாருங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையம் நகரிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீற்றர் வடக்கே. அதிவேகப் பாதையால் வந்தால் நகர எல்லைக்கு அரை மணித்தியாலம் போதும். அதற்குப் பிறகு வெள்ளவத்தை வரைக்கும் எவ்வளவு நேரம் என்பது வாகன நெரிசலைப் பொறுத்தது. 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது, ஆனால் பெட்டிகளோடும் பெரியவர்களோடும் அது வேண்டாம். வெளியே வரும் இடத்திலேயே டயலொக் அல்லது மொபிடெல் சிம் வாங்கி, பிக்மீ அல்லது ஊபர் செயலியை அங்கேயே இயக்கி வாகனம் கூப்பிடுங்கள். டாக்சி ஓட்டுநர் அதிவேகப் பாதையில் போனால் அதன் கட்டணத்தையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஏறும்போதே பேசிவிடுவது நல்லது. நகரத்துக்குள் ஓட்டோவுக்கும் அதே செயலிகள்தான். வீதியில் மறித்துப் பிடிப்பதானால் மீற்றர் போடுவாரா என்று ஏறும் முன் கேளுங்கள். இந்திய ரூபாயைக் கடைகளில் நீட்டாதீர்கள். வெள்ளவத்தையிலும் கோட்டையிலும் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின் செருகிக்கு ஒரு அடாப்டர் அவசியம். இப்போதைய கட்டடங்களில் சதுர மூன்று முள் துளைதான் கூடுதல்.

இனி முதல் நாள். காலை ஏழரைக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவிலில் நில்லுங்கள். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோவிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். தமிழ்நாட்டுக் கோவில்களைப் பார்த்துப் பழகிய உங்கள் அப்பாவுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். உள்ளே போனால் தெரியும்: வெளியே பாரவூர்திகள் இரைந்துகொண்டிருக்க, கல் மண்டபத்துக்குள் விளக்கு வெளிச்சமும் குளிர்ச்சியும்தான். வர்ணப் பூச்சு கிடையாது. தூண்கள் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்து மினுங்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், படம் எடுக்கக் கூடாது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவேதான் காலையில் போகச் சொல்கிறேன். நீங்கள் வரும் நாட்களில் மகா சிவராத்திரி விழுந்தால் இரவு முழுக்க இங்கே சனம் நிற்கும்.

அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான் புனித அந்தோனியார் திருத்தலம். கொழும்பில் எந்தச் சமயத்தவரும் நேர்த்தி வைத்துப் போகும் இடம் இது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுவெடிப்பில் பலர் இங்கே உயிரிழந்தார்கள். அதே ஆண்டு யூன் 12இல், யூன் 13 திருவிழாவுக்கு முதல்நாள், திருத்திக் கட்டித் திறந்தார்கள். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், சலிக்காமல் காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள். அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். பெரியவர்களோடு வருபவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது.

கால் வலிக்காவிட்டால் மேட்டில் உள்ள வுல்வெண்டால் தேவாலயத்துக்கும் போகலாம். ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்தது. சுவர்கள் ஏறக்குறைய ஐந்து அடி தடிப்பு. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கல்லறைக் கற்கள் தரையில் பதிந்திருக்கின்றன. பூட்டியிருந்தால் காவலாளியைக் கேளுங்கள்.

அடுத்தது செட்டியார் தெரு. ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நகைக்கடைகள், நடுவில் பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும். ஆடிவேல் விழாவில் வேல் இரதம் இங்கிருந்துதான் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குப் போகும். பெப்ரவரியில் அது கிடைக்காது, ஆனால் கோவில்களைப் பாருங்கள். நகை வாங்கும் எண்ணம் இருந்தால்: இங்கே கணக்கு பவுணில், ஒரு பவுண் 8 கிராம். கடைக்குக் கடை தங்க விலையில் பெரிய வித்தியாசம் இராது. வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் வரும், ஆகவே மொத்த விலையைக் கேட்காமல் அந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். புத்தகப் பிரியர்கள் இதே தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குள் நுழையாமல் போகாதீர்கள். தமிழ்நாட்டில் கிடைக்காத ஈழத்துப் பதிப்புகள் இங்கே அடுக்கில் இருக்கும். வெள்ளவத்தையிலும் அவர்களுக்குக் கடை உண்டு.

செட்டியார் தெரு முடிந்து பிரதான வீதியில் ஏறினால் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள். முதலாம் குறுக்குத் தெரு மின்சாரப் பொருள், தொலைபேசி. இரண்டாம், மூன்றாம் தெருக்கள் துணி, பட்டன், லேஸ், பரிசுப் பொருள். நான்காம் தெருப் பக்கம் வெங்காயம், பருப்பு, சீனி மூட்டை. கெய்சர் வீதி முழுக்கத் துணி. கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்குகள். வேர், பட்டை, வெந்தயம், திப்பிலி எல்லாம் கலந்த வாசனை ஒழுங்கை வாசலிலேயே பிடித்துவிடும். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான். காய்கறி மொத்தச் சந்தையான மெனிங் மார்க்கற்றை மட்டும் இங்கே தேடாதீர்கள், அது 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது.

இந்தத் தெருக்களில் எப்படி நடப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதையை அங்காடிகள் பிடித்திருக்கும், ஆகவே எல்லோரும் வீதியில்தான் நடப்பார்கள். நாட்டாமிமார், அதாவது சுமை தூக்கும் தொழிலாளர், கைவண்டியில் ஆளுயரத்துக்கு மேலே பொதி ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாரத்தோடு திடீரென்று நிறுத்த அவர்களால் முடியாது. பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கடை வாசலில் ஏறிவிடுங்கள். வண்டியின் மரச் சட்டம் கணுக்காலில் படுவதுதான் புதியவர்களுக்கு நடக்கும் பெரிய சேதம். பெரியவர்களைச் சப்பாத்து அல்லது பின்வார் செருப்புப் போடச் சொல்லுங்கள். துணி எடுக்கும்போது, கடைக்காரர் கட்டைப் பிரிக்கும் முன்பே "சில்லறையா தருவீங்களா?" என்று கேளுங்கள். பாதிக் கடைகள் மொத்தக் கடைகள், டசினாகத்தான் கொடுப்பார்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பு வெள்ளை வரிகளோடு நிற்பது ஜாமிஉல் அல்ஃபார், நம்மவர் வழக்கில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தது. தொழுகை நேரம் தவிர்ந்த வேளைகளில் மற்றச் சமயத்தவரையும் உள்ளே விடுவார்கள். கை, கால் மூடிய உடுப்பு வேண்டும், பெண்களுக்குத் தலையில் ஒரு துணி.

நாளைத் தேர்வதில் பிழை விட்டால் இந்தக் காலைநடை வீணாகும். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பெரிய கடைகள் பூட்டு, நடைபாதை வியாபாரம் மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் பூட்டித் திறக்கும். பௌர்ணமி தினமான போயாவில் பல கடைகள் திறக்கமாட்டா, இறைச்சியும் மதுவும் விற்கமாட்டார்கள். ஆகத் திங்கள், புதன், வியாழன் நல்லது. பெப்ரவரி 4 சுதந்திர தினம்; அதற்கு முன்னைய சில நாட்களிலும் அணிவகுப்பு ஒத்திகைக்காக வீதிகளை மூடுவார்கள், முதல்நாளே செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதப் போயாவை ஒட்டி கங்காராமய விகாரையின் நவம் பெரஹெரா யானைகளோடும் நடனக்காரரோடும் பேரே வாவியைச் சுற்றி வரும். உங்கள் திகதிகளோடு சேர்ந்தால் அதிர்ஷ்டம்தான். மாலை ஐந்துக்கே இடம் பிடிக்க வேண்டும்.

பதினொன்றரைக்கு வெயில் ஏறிவிடும். ஓட்டோவில் கோட்டைக்குள் வந்துவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இலிருந்து கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. தடித்த சுவர், அகலத் தாழ்வாரம், வெயிலுக்கு நல்ல ஒதுக்கிடம். பக்கத்தில் நடுவீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் எழுந்தது. ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் வரைந்த கட்டடம். பின்னர் அதன் உச்சியிலேயே கப்பல்களுக்கான விளக்கை வைத்து 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் வைத்திருந்தார்கள். உயர்ந்த கட்டடங்கள் கடலை மறைத்துவிட்டதால் இப்போதைய கலங்கரை விளக்கம் கடற்கரையோரம் தனியாக நிற்கிறது. துறைமுகத்துக்குள் பொதுமக்கள் போக அனுமதி இல்லை. பாரந்தூக்கிகளையும் கப்பல்களையும் பார்க்க ஆசை என்றால் துறைமுக வாசலுக்கு எதிரேயுள்ள பழைய கிராண்ட் ஒரியன்டல் ஹோட்டலில் மேல்மாடிக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேளுங்கள். ஜனாதிபதி மாளிகை, துறைமுக வாசல், காவலரண் இவற்றைப் படம் எடுக்காதீர்கள்.

பின்னேரம் ஓய்வு, ஐந்தரைக்குக் காலிமுகத்திடல். ஆளுநர் வார்ட் 1859இல் திறந்த இந்தத் திடலில் பெப்ரவரியில் சூரியன் ஆறேகால், ஆறரைக்குள் விழும். இறால் வடையை இங்கே சாப்பிடாமல் போகக்கூடாது: தட்டையாகத் தட்டிய பருப்பு வடையின் மேலே ஓட்டோடு முழு இறால்களைப் பதித்துப் பொரிப்பார்கள், துண்டாக வெட்டி வெங்காயமும் காரக் குழம்பும் ஊற்றித் தருவார்கள். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பதை வாங்காதீர்கள். தாச்சியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும், சனம் நிறைய நிற்கும் வண்டியில் போட்டுத் தரச் சொல்லிச் சுடச்சுடச் சாப்பிடுங்கள். சைவக்காரருக்கு மாங்காய், அன்னாசி உப்புத்தூளில் உண்டு. திடலின் வடக்கே தெரிவது கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர் துறைமுக நகரம். நிழல் குறைவு, ஆகவே அதற்கும் மாலைதான்.

இரண்டாம் நாளைக் கறுவாத்தோட்டத்தில் தொடங்குங்கள். 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும். கண்டி மன்னரின் சிம்மாசனத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நிறுத்திய கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது, சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. 1911இல் காலியில் ஒரு மதகை மூடியிருந்த பலகைக் கல்லாக இதைக் கண்டெடுத்தார்கள். எழுத்துத் தேய்ந்திருக்கும், பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தமிழ் வரிகள் பிடிபடும். இந்தத் தீவின் துறைமுகங்களில் தமிழ் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிறகு விகாரமகாதேவி பூங்கா, பேரே வாவியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலக பௌத்த மண்டபம், பின்னேரம் தாமரைக் கோபுரம். கோபுரம் 350 மீற்றர். ஐந்து மணிக்கு ஏறினால் பகல், அந்தி, விளக்கேற்றிய நகரம் மூன்றையும் ஒரே ரிக்கெற்றில் பார்க்கலாம்.

மூன்றாம் நாளுக்கு ரயில். கோட்டையிலிருந்து கல்கிசைக்கு: செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. தெற்கே போகும்போது வலப்பக்கம் கடல், அந்தப் பக்கம் இருங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டினால் அலைத் தூறல் யன்னலில் படும் அளவுக்குத் தண்டவாளம் கடலோடு ஒட்டிப் போகும். காலை ஏழு முதல் ஒன்பது வரை நகரத்துக்குள் வரும் வண்டிகளிலும், மாலை நாலரை முதல் ஏழு வரை வெளியே போகும் வண்டிகளிலும் கால் வைக்க இடம் இராது. பத்து மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புங்கள். விரைவு வண்டிகள் சின்ன நிலையங்களில் நிற்காது, கேட்டுவிட்டு ஏறுங்கள். ரிக்கெற்றைத் தொலைக்க வேண்டாம். வெளியேறும் வாசலில் வாங்குவார்கள், இல்லாவிட்டால் தண்டப்பணம். கல்கிசையில் பெப்ரவரிக் கடல் அமைதியானது. மே முதல் செப்ரெம்பர் வரைதான் கொந்தளிக்கும். வெள்ளவத்தைக் கரையில் பாறையும் இழுவையும் இருப்பதால் அங்கே குளிக்க இறங்காதீர்கள். படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் நிற்கவே வேண்டாம். அலைச் சத்தத்தில் வண்டி வருவது கேட்காது.

மாலையை வெள்ளவத்தைக்கு வையுங்கள். சேலைக் கடைகள், பனங்கட்டி, ஒடியல் மா, பருத்தித்துறை வடை விற்கும் கடைகள், மயூரபதி அம்மன் கோவில், 57ஆம் ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும். 1983 யூலையில் இந்த வீதிகளில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பிறகும் திரும்பி வந்து கடை திறந்தவர்களாலும், வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களாலும்தான் இன்றைய வெள்ளவத்தை இப்படி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்தக் கூட்டமும் வெளிச்சமும் வேறு மாதிரித் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி. காலையில் சைவக் கடையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அங்கே வடை, ரோல்ஸ், பணிஸ் ஒரு தட்டு நிறைய நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் சாப்பிட வேண்டியதில்லை, எடுத்ததற்கு மட்டும்தான் கணக்கு. மத்தியானம் சோறும் கறியும். இரவில் கொத்து ரொட்டி. கொத்து ஒரு ஃபுல் இருவருக்குக் காணும். இலங்கைக் காரம் சென்னைக் காரத்தைவிடக் கூடுதலாகவே உறைக்கும், உறைப்பைக் குறைக்கச் சொல்லி முன்பே சொல்லுங்கள். மீன் பிரச்சினையும் உண்டு: சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசிக் கருவாடு போடுவது இங்கே வழக்கம். உங்கள் அம்மா சுத்த சைவம் என்றால் பொதுக் கடைகளில் "மாசி போட்டிருக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்; சைவக் கடை என்று பலகை போட்ட இடத்தில் அந்தக் கவலை இல்லை. தேநீர் கேட்டால் பாலும் சீனியும் போட்டே வரும், கறுப்பாக வேண்டுமானால் பிளேன்டீ என்று சொல்லுங்கள்.

தமிழ் போதுமா என்ற கேள்விக்கு: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டையில் தாராளமாகப் போதும். மற்ற இடங்களில் கொஞ்சம் ஆங்கிலம் உதவும். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்ததும் சிங்களத்தில் "பஹினவா" (இறங்குகிறேன்) என்று சத்தமாகச் சொன்னால் கொண்டக்டர் நிறுத்துவார். காலி வீதியில் 100, 101ஆம் இலக்க பஸ்கள் புறக்கோட்டை வரை ஓடுகின்றன. ஓட்டோக்காரரை அண்ணே என்றாலே பாதி வேலை முடியும், சிங்களவரானாலும் விளங்கிச் சிரிப்பார்.

திரும்பும் நாளில் தேயிலை வாங்குவதானால் சுப்பர்மார்க்கற்றில் வாங்குங்கள், சுற்றுலாக் கடைகளைவிட மலிவு. பெட்டியில் சிங்க முத்திரையைப் பாருங்கள். இலங்கையிலேயே பொதி செய்த சுத்த இலங்கைத் தேயிலைக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். வேலை நாளில் மாலை நாலரைக்கும் ஏழுக்கும் இடையில் விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தால், வழமையான நேரத்தோடு ஒரு மணித்தியாலம் கூட்டி வையுங்கள்.